0.25 சதவீதமும் ஒரு கூறு சங்கராவும்

2025 நவம்பரில் ஒரு காலை. காசிமேட்டில் ஏலம் முடிந்து சில்லறை வியாபாரம் சூடு பிடித்திருந்தது. நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்கா, பக்கத்துக் கடைக்காரர் நீட்டிய செல்போனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னா தம்பி, விலைவாசி ஏறவே இல்லைன்னு போட்டுக்கீறான்? கால் பர்சன்ட்டாமே?"

செய்தி சரிதான். 2025 அக்டோபர் மாதத்துக்கு ஒன்றிய அரசு வெளியிட்ட சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம். 2012-ஐ அடிப்படையாக வைத்து ஓடிய அந்தக் கணக்கு வரிசையிலேயே மிகக் குறைந்த எண். அக்காவிடம் ஒரு கூறு சங்கரா என்ன விலை என்றேன். சொன்னார். போன தீபாவளிக்கு என்ன விலை? "கிட்டத்தட்ட இதே தான்." சரி, அப்புறம் என்ன கோபம்? "வீட்டு வாடகை ஏறலியா? புள்ள காலேஜ் ஃபீஸ் ஏறலியா?"

அரசு சொன்னதும் பொய்யில்லை, அக்கா சொன்னதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று யோசிக்கத் தொடங்கினால், புள்ளிவிவரத்தைச் சந்தேகப்படும் பாடத்தில் முதல் படி ஏறிவிட்டோம்.

எங்கள் பக்கம் இரண்டு வகை ஆட்கள் உண்டு. டிவியில் ஒரு எண் வந்தால் அப்படியே ஒப்பிப்பவர் ஒருவர். "கவர்மென்ட் கணக்கா, எல்லாம் டுபாக்கூர்" என்று டீ கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்புபவர் இன்னொருவர். இரண்டாமவரைப் பெரிய சிந்தனையாளர் என்று நினைத்துக்கொள்கிறோம். இருவருமே அந்த எண்ணைப் படிக்கவில்லை என்பதுதான் விஷயம். மீன் வாங்க வரும் வயதான அம்மாக்களைப் பாருங்கள். தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று ஒரு விரலால் தடவிப் பார்ப்பார்கள். தராசே வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விட மாட்டார்கள். பார்த்துவிட்டு, பேரம் பேசி, மீனையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். நான் சொல்லும் சந்தேகம் அந்த விரல்.

எதோடு ஒப்பிட்டார்கள்?

பணவீக்கம் என்பது விலை அல்ல, விலை ஏறும் வேகம். 2024 அக்டோபரில் அந்த வேகம் 6.21 சதவீதமாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் அப்போது 106 ரூபாய் 21 காசு ஆகிவிட்டது. அதன்மேல் 0.25 சதவீதம் ஏறினால் 106 ரூபாய் 48 காசு. அதாவது ஏறிய விலை இறங்கவில்லை, ஏறிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. 2024இல் காய்கறி விலை உச்சத்தில் இருந்ததால் 2025இன் எண் தானாகவே சின்னதாகத் தெரிந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருட்களுக்கு ஜிஎஸ்டி குறைந்ததும் ஒரு காரணம். "பணவீக்கம் குறைந்தது" என்பதை "விலை குறைந்தது" என்று தலைப்பு போடும் சேனல்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது என்றே நினைக்கிறேன்.

இதே வித்தை எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் சரிந்ததாக முதல் மதிப்பீடு வந்தது. அடுத்த ஆண்டு அதே மூன்று மாதத்துக்கு 20.1 சதவீத வளர்ச்சி என்று அறிவித்தார்கள். கேட்டால் சாதனை மாதிரி இருக்கிறது. 100 மூட்டை இறக்கிய இடத்தில் 76 மூட்டை ஆகி, அப்புறம் 91 மூட்டை ஆனது என்று சொன்னால், துறைமுகத்தில் சுமை தூக்கியவர் யாராக இருந்தாலும் இன்னும் பழைய இடத்துக்கே வரவில்லை என்று உடனே சொல்லிவிடுவார்.

அக்காவின் வாடகைக்கு வருவோம். விலைவாசி எண்ணைக் கணக்கிட ஒரு கற்பனைக் கூடை வைத்திருப்பார்கள். ஒரு சராசரிக் குடும்பம் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறதோ, அந்த அளவுக்குக் கூடையில் இடம். 2012 வரிசையில் உணவுக்கும் பானங்களுக்கும் சேர்த்து 45.86 சதவீதம், வீட்டுக்கு 10.07 சதவீதம். நகரங்களுக்கு மட்டும் தனியாகப் பார்த்தால் வீட்டுக்கு 21.67. இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் மாதம் 25,000 சம்பாதித்து 10,000 வாடகை கொடுக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கூடையில் வாடகைக்கு மட்டும் 40 போய்விடும். தக்காளி, பருப்பு விலை விழுந்தால் அரசின் கூடை சட்டென்று லேசாகிறது, இவர்கள் கூடை அந்த அளவுக்கு லேசாகாது. யாரும் ஏமாற்றவில்லை. அது நாடு முழுவதையும் சேர்த்து எடுத்த சராசரிக் கூடை, அவ்வளவுதான்.

அந்தக் கூடையும் 2011-12இல் மக்கள் என்ன வாங்கினார்கள் என்ற கணக்கெடுப்பை வைத்துப் பின்னியது. ஜியோ வருவதற்கு முன், ஸ்விக்கி வருவதற்கு முன். அடுத்த நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு 2017-18இல் எடுக்கப்பட்டது. தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் அரசே அதை வெளியிடாமல் நிறுத்தியது. அதற்கடுத்த கணக்கெடுப்பு 2022-23இல் நடந்து, 2024 தொடக்கத்தில்தான் முடிவு வந்தது. ஒரு கணக்கை நிறுத்தினால் அந்தக் கணக்கு மட்டும் போகாது. அதை நம்பியிருக்கும் கூடையும் பழசாகிக்கொண்டே போகும். வறுமை எவ்வளவு என்ற கேள்விக்கும் பதில் இல்லாமல் போகும்.

தடைக்காலத்தில் அண்ணனுக்கு வேலை உண்டா?

எனக்குப் பிடித்த பகுதி இது. எங்கள் தெருவில் ஓர் அண்ணன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும். மே மாத மத்தியில் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் யாரோ கூப்பிட்டு இரண்டு மணி நேரம் கிழிந்த வலையைச் சரிசெய்யச் சொன்னார்கள், கையில் ஏதோ கொடுத்தார்கள். மற்ற நாளெல்லாம் தெருமுனையில் சீட்டாட்டம்தான். இவருக்கு வேலை இருக்கிறதா, இல்லையா?

அரசுக் கணக்குப்படி இருக்கிறது. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு என்று ஒன்று 2017 முதல் நடக்கிறது. அதன் வாராந்தர அளவுகோலின்படி, கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் போதும், அவர் வேலையில் உள்ளவர். இன்னொரு அளவுகோல் கடந்த ஒரு வருஷத்தைப் பார்க்கும். அதில் அண்ணன் பத்து மாதம் கடலுக்குப் போனவர், அங்கேயும் அவர் வேலையில் உள்ளவரே. ஆக, எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த மே மாதம் எந்த எண்ணிலும் தெரியாது.

இதைக் கேட்டதும் "பார்த்தியா, மோசடி!" என்று குதிக்க வேண்டாம். ஒரு மணி நேர விதி இந்திய அரசின் கண்டுபிடிப்பு இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதையே சொல்கிறது. கொஞ்சமாவது நடந்த எந்த உழைப்பும் கணக்கில் விடுபடக்கூடாது என்பது அதன் நியாயம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வேலை போனால் அரசு உதவித்தொகை கொடுக்கும் நாட்டில், வேலை தேடிக்கொண்டு சும்மா இருக்க ஒருவரால் முடியும். இங்கே ஏழையால் அப்படி இருக்க முடியாது. வலை பின்னுவார், மூட்டை தூக்குவார், மச்சான் ஆட்டோவை ராத்திரி ஷிஃப்ட் ஓட்டுவார். அதனால் நம் நாட்டில் வேலையின்மை எண் சின்னதாக இருப்பது சௌகரியத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2023-24இல் வருடாந்தர அளவுகோலின்படி அது 3.2 சதவீதம். அந்த எண்ணைக் காட்டி "வேலையில்லாத் திண்டாட்டமே இல்லை" என்று சொன்னால், அந்த எண் சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிக்கிறார்கள் என்று அர்த்தம்.

அண்ணனின் மனைவி மாமியாரின் மீன் கடையில் செதில் சுரண்டித் தருகிறார். சம்பளம் கிடையாது. அவரும் வேலையில் உள்ளவர், குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர் என்ற வகையில். உழைப்பை உழைப்பென்று எண்ணுவது நல்லதுதான். ஆனால் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம் என்ற செய்தியைப் படிக்கும்போது, அந்த ஏற்றம் எந்த வகை வேலையில் வந்தது என்று கேட்க வேண்டும். 2023-24இல் வேலையில் இருந்த பெண்களில் 67.4 சதவீதம் பேர் சுயதொழில் என்ற தலைப்புக்குள் வருகிறார்கள். சம்பளமே வாங்காத அண்ணி போன்றவர்களும் அந்தத் தலைப்புக்குள்தான் இருக்கிறார்கள். அவரிடம் போய் "நீங்க சுயதொழில் முனைவோர்" என்று சொன்னால் கையில் இருக்கும் கத்தியைக் காட்டுவார்.

எண் எப்போது வருகிறது என்பதும் ஒரு தகவல். 2017-18க்கான முதல் அறிக்கையில் வேலையின்மை 6.1 சதவீதம் என்று இருந்தது. அறிக்கை வெளிவரத் தாமதமானதால் 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் இருவர் பதவி விலகினார்கள். எண் பத்திரிகையில் கசிந்தது. தேர்தல் முடிந்து, மே 30 அன்று புதிய அமைச்சரவை பதவியேற்ற மறுநாள், மே 31 அன்று அதே 6.1 அதிகாரபூர்வமாக வந்தது.

வளர்ச்சி விகிதத்தைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை, ஒரு உதாரணம் போதும். 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். எம்.சி. ரோட்டில் துணிக்கடைகள் ஈ ஓட்டிய அந்த வாரங்கள் எங்கள் ஏரியாவில் யாருக்கும் மறக்காது. அந்த 2016-17ஆம் ஆண்டின் வளர்ச்சி முதலில் 7.1 சதவீதம் என்றார்கள். 2019 ஜனவரியில் அதைத் திருத்தி 8.2 ஆக்கினார்கள். எப்படி? பெரிய கம்பெனிகளின் கணக்கு அரசுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும். பிளாட்பாரத்தில் நைட்டி விற்பவரின் கணக்கு போகாது. பல வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பை வைத்து, இடைப்பட்ட ஆண்டுகளுக்கு வேறு எண்களின் போக்கில் இவரையும் நீட்டிக்கொள்வார்கள். பெரியவர் நடந்த வேகத்திலேயே சின்னவரும் நடந்திருப்பார் என்ற ஊகம் அதற்குள் இருக்கிறது. சாதாரண ஆண்டில் அது ஓரளவு சரியாக வரும். சின்னவர் காலை மட்டும் யாரோ தட்டிவிட்ட ஆண்டில் வராது. மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த அரவிந்த் சுப்பிரமணியனே, 2011-12 முதல் 2016-17 வரை வளர்ச்சி ஆண்டுக்குச் சுமார் 2.5 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகக் காட்டப்பட்டிருக்கலாம் என்று 2019இல் எழுதினார். பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு அதை வரிக்கு வரி மறுத்தது. எந்தப் பக்கம் சரி என்று பார்க்க இருவரின் கணக்கும் பொதுவில் கிடைக்கிறதே, அதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

மெஷின் வந்தால் மிச்சமா?

தொழில்நுட்பத் திட்டங்களுக்கு வருவோம். இங்கே எண்ணும் திட்டமும் கை கோத்துக்கொண்டு வரும். "இந்த மென்பொருளால் இத்தனை கோடி மிச்சம்" என்று ஒரு வரி இல்லாமல் எந்த அறிவிப்பும் இருக்காது.

கேஸ் மானியத்தைப் பாருங்கள். சிலிண்டருக்கு முழு விலை கொடுத்துவிட வேண்டும், மானியம் வங்கிக் கணக்கில் விழும் என்ற பஹல் திட்டம் 2015 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க வந்தது. போலி இணைப்புகள் ஒழிந்து ஏராளமாக மிச்சம் ஆனது என்று சொன்னார்கள். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் உட்கார்ந்து கணக்கைப் பிரித்தார். 2014 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை மானியச் செலவு சுமார் 35,400 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு அதே ஒன்பது மாதத்தில் 12,084 கோடி. வித்தியாசம் 23,316 கோடி. அசத்தல்தான். ஆனால் அந்த இடைவெளியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழுந்திருந்தது. மானியம் என்பதே சந்தை விலைக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம். சந்தை விலை விழுந்தால் கம்ப்யூட்டரே இல்லாவிட்டாலும் மானியம் சுருங்கும். தணிக்கையாளர் கணக்கில், விலை விழுந்ததால் வந்த மிச்சம் 21,552 கோடி. மக்கள் குறைவாகச் சிலிண்டர் வாங்கியதால் வந்தது சுமார் 1,764 கோடி. அந்தச் சின்னத் துண்டில்தான் போலி ஒழிந்ததெல்லாம் வர வேண்டும், அதிலும் தானாக மானியத்தை விட்டுக்கொடுத்தவர்கள் பங்கு இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது எதிர்க்கட்சியோ வாட்ஸ்அப் குரூப்போ இல்லை. அரசின் கணக்கை, அரசமைப்பே ஏற்படுத்திய பதவியில் இருக்கும் ஒருவர் தட்டுக்கு அடியில் தடவிப் பார்த்தார். "எல்லாம் டுபாக்கூர்" அண்ணனுக்கு இந்த விஷயம் கடைசி வரை தெரியாமலே போய்விடும், ஏனென்றால் அவர் அறிக்கையைத் திறக்கவே மாட்டார். அவர் ஃபார்வர்ட் செய்யும் "உண்மையான" எண்ணுக்கு எந்தத் தணிக்கையாளரும் கிடையாது.

வீட்டுக் கதை ஒன்று. எங்கள் ஆயா இறால் உரித்தே விரல் தேய்ந்தவர். ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வந்த பிறகு ஒரு மாதம் மூன்று தடவை நடந்தார். முதல் நாள் ரேகை விழவில்லை. இரண்டாம் நாள் சர்வர் இல்லை. மூன்றாம் நாள், விரலில் எண்ணெய் தடவித் துடைத்து வைத்த பிறகு பச்சை விளக்கு எரிந்தது. அந்த மாதக் கணக்கில் ஆயாவின் அட்டைக்குப் பொருள் வழங்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். திட்டம் வெற்றி. இரண்டு நாள் வெயிலில் திரும்பி வந்தது எந்தக் கட்டத்திலும் ஏறாது, அதை எழுத அங்கே கட்டமே இல்லை. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே அடையாள உறுதிப்படுத்தல் தோல்வி ஜார்க்கண்டில் 49 சதவீதம் என்றும், ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்தில் 5 சதவீதம் என்றும் மதிப்பீடுகளைக் குறிப்பிட்டது. ஒரே ஆதார், ஒரே மாதிரி மெஷின். நெட்வொர்க்கும் விரலும் ஊருக்கு ஊர் வேறு.

"எவ்வளவு கோடி" என்ற கேள்வியும் இப்படித்தான். 2023-24 தமிழக பட்ஜெட்டில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் 1,000 கோடி என்று வந்தது. 2024 மார்ச்சில் தொடங்கி வைத்தபோது 4,181 கோடி. நல்ல செய்திதான், நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூடிய தொகையில் எது புதுப் பணம், எது குடிநீர், மின்சாரம், வீட்டுவசதி என்று துறைகள் எப்படியும் செய்யவிருந்த வேலை ஒரே தலைப்பின் கீழ் வந்தது என்று பிரித்துக் கேட்பது நம் வேலை. சென்னை ஸ்மார்ட் சிட்டி ஆனபோதும் பகுதி மேம்பாட்டுக்கு எடுத்துக்கொண்டது தியாகராய நகரை. பாண்டி பஜாரில் பளபளப்பான நடைபாதை வந்தது. பட்டியலில் இருந்த பெயர் என்னவோ "சென்னை".

சராசரி என்பது இன்னொரு திரை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் இருமிக்கொண்டே வீட்டை விட்டு ஓடினார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றில் அளந்தது கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், வரம்பு 400. கவனியுங்கள், அந்த 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. ஒரு மணி நேரம் 2,090 இருந்து, மீதி 23 மணி நேரம் சுத்தமாகப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் நாள் சராசரி 87. வரம்புக்குள் வந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் மூச்சுத் திணறியவருக்கு 87 என்ற எண்ணைக் காட்டி என்ன சொல்வது? கருவி பொருத்திவிட்டோம், ஆன்லைனில் தெரிகிறது என்று சொல்லும்போது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தெரியும், ராத்திரி இரண்டு மணிக்கு யார் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்றும் கேட்கலாம்.

இப்போது கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை பற்றிய பேச்சு. எதிர்த்து 2025 மே மாதம் மனிதச் சங்கிலியும் நடந்தது. இந்த யோசனை இந்தியாவுக்குப் புதிதில்லை. டெல்லி திமார்பூரில் 1987இல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் நாளுக்கு 300 டன் எரித்து 3.75 மெகாவாட் எடுக்கும் ஆலை கட்டினார்கள். 21 நாள் ஓடியது. நம் ஊர்க் குப்பையில் ஈரமும் மண்ணும் அதிகம், காகிதத்தில் போட்ட அளவுக்குச் சூடு கிடைக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய். இன்றைய ஆலைகள் அதைவிட மேம்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். டெல்லியிலேயே ஓக்லாவில் 2012 முதல் ஓர் ஆலை ஓடுகிறது, அதன் புகை பற்றிய வழக்குகளும் கூடவே ஓடுகின்றன. ஆகவே "முடியவே முடியாது" என்று நான் சொல்லத் தயாரில்லை. எத்தனை மெகாவாட் என்று எழுதியிருக்கும் வரிக்குப் பக்கத்தில், எவ்வளவு ஈரமுள்ள குப்பைக்கு அந்தக் கணக்கு என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் தேடுகிறேன்.

கொடுங்கையூர் குப்பைக் கிடங்குப் பக்கம் இருபது வருஷமாகப் பிளாஸ்டிக் பொறுக்கி விற்கும் ஒரு அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மெகாவாட்டெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. "எந்த மாசத்துக் குப்பைய எரிக்கப் போறாங்கோ?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "ஐப்பசி, கார்த்திகைல அது எரியாதுப்பா. புகையும்."